கரி அடுப்பில் பிறந்தநாள் கேக்

மகளுக்கு இந்த மாதம் ஐந்து வயது. கேக்கை நானே செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். யாங்கோனில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் ஓவன் வேண்டாம். எதிர்வீட்டுப் பர்மியக்கா சன்வின்மக்கின் என்ற பர்மிய ரவைக் கேக் செய்கிற முறைதான்: கனமான அலுமினியச் சட்டி, அடியில் கொஞ்சம் கரித்தணல், மூடியின் மேலும் தணல். மேல் தணல்தான் முக்கியம். கேக்கின் மேற்பக்கம் சிவப்பது அதனால்தான்.

மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். முட்டையில் குளிர்ச்சி இருந்தால் கலவை திரிந்துவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்கும்வரை மரக்கரண்டியால் அடித்தேன். தோள்பட்டை விண்ணென்று வலித்தது, ஆனால் இங்கே அவசரப்படவே கூடாது, கேக் மிருதுவாவது இதில்தான். மாவு சேர்த்த பிறகோ நேரெதிர்: லேசாகப் புரட்டி உடனே அடுப்பேற்ற வேண்டும். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும்.

அப்புறம் அலங்காரம். இந்த வெக்கையில் பட்டர் கிரீம் நிற்காது; ஐசிங் சர்க்கரையைத் தேங்காய்ப்பாலில் குழைத்து மேலே ஊற்றினேன். அத்தைமாருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது போக, மொறுமொறுப்பான ஓரத்துண்டு மகளுக்கு. “அடுத்த வருஷமும் இதேதான் வேணும்மா” என்றாள்.