98 நாள் விடுப்பும் நான்காம் மாதத் தூக்கமும்

தீபகற்ப மலேசியாவில் தனியார் துறையில் வேலை செய்யும் அம்மாக்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து சம்பளத்தோடு 98 நாள் பேறுகால விடுப்பு. அதாவது 14 வாரம். பல குழந்தைகளின் தூக்கம் தலைகீழாவதும் மூன்றரை, நான்கு மாதத்தில்தான். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் வாரமும், இரவில் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கிய பிள்ளை ஒன்றரை மணிக்கொரு முறை விழிக்கும் வாரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதனால் பத்தாவது வாரத்திலேயே தயாராகத் தொடங்குவது நல்லது.

“கண்ணு பட்டுடுச்சு” என்று பாட்டி சொன்னால் சுற்றிப் போடட்டும், தடுக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை மட்டும் குழந்தை தூங்கும் அறைக்குள் வரக்கூடாது. அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது ஆகாது.

நடப்பது இதுதான். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் இரண்டே வகை: கை கால் அசைத்து முனகும் தூக்கம், அசையாத ஆழ்ந்த தூக்கம். மூன்று, நான்கு மாத வாக்கில் அது பெரியவர்களின் தூக்கம்போலப் பல படிகளாகப் பிரிகிறது. ஒரு சுற்று ஏறக்குறைய 45 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை லேசாக விழிக்கும். நாமும் விழிக்கிறோம், புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். குழந்தையோ, கண் மூடியபோது இருந்த நிலை இப்போதும் இருக்கிறதா என்று தேடும். ஆடிக்கொண்டே தூங்கிய பிள்ளைக்கு மறுபடி ஆட வேண்டும். பால் குடித்தபடியே தூங்கிய பிள்ளைக்குப் பசி இல்லாவிட்டாலும் பால் வேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் ஸ்பிரிங் தொட்டிலில்தான் வரும். இப்போது மோட்டார் வைத்தும் விற்கிறார்கள். இரவு முழுக்க மோட்டார் ஆட்டினால் பெற்றோர் தூங்கலாம் என்பது கணக்கு. ஆனால் துணித் தொட்டிலில் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை குறுகும். நான்கு மாதத்தில் சில பிள்ளைகள் புரளவும் தொடங்கிவிடுகிறார்கள், துணிக்குள் குப்புறப் புரண்டால் ஆபத்து. இரவுத் தூக்கத்துக்குச் சமமான, கெட்டியான மெத்தைதான் சரி. அதில் தலையணை, பக்கத்துத் தலையணை, போர்வை எதுவும் வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே துணியில் சுற்றிப் படுக்க வைப்பதையும் நிறுத்துங்கள்.

தொட்டிலிலிருந்து மாற்றுவதை இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குங்கள். களைப்பு மிகுந்திருப்பது அப்போதுதான், பகல் தூக்கத்தில் தொடங்கினால் தோல்வி நிச்சயம். முதல் மூன்று நான்கு இரவுகள் கையில் வைத்து ஆட்டி, கண் சொருகும்போது நிறுத்தி, மெத்தைக்கு மாற்றுங்கள். பாதம், பிட்டம், கடைசியில் தலை என்ற வரிசையில் இறக்குங்கள். தலை முதலில் இறங்கினால் விழுவதுபோல் திடுக்கிட்டுக் கைகளை விரித்து விழித்துவிடும். இறக்கிய பின் நெஞ்சில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருங்கள். அடுத்த சில இரவுகளில் ஆட்டும் நேரத்தைக் குறைத்து, மெத்தையிலேயே தட்டிக்கொடுங்கள். நடுவில் ஓர் இரவு எல்லாம் கெடும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முனகல் கேட்டவுடன் பாய்ந்து தூக்காதீர்கள். கண் மூடியே இருந்தால் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். தூக்கத்திலேயே முனகும் பிள்ளையைத் தூக்கி எழுப்பிவிடுவதே பல வீடுகளில் நடக்கிறது.

கோலாலம்பூர் வாழ்க்கையில் இன்னொரு சங்கடம் மாலை நேரம். வேலை முடிந்து நெரிசலைத் தாண்டி, ஏழு மணிக்குப் பிள்ளையைப் பேபிசிட்டரிடமிருந்து எடுத்தால், காரிலேயே இருபது நிமிடம் தூங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் விழிக்கும். அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் முகத்தைப் பார்க்கிறார்கள், பத்து மணி வரை விளையாட்டு. தாமதமாகப் படுத்தால் தாமதமாக எழும் என்ற கணக்கு இந்த வயதில் பெரும்பாலும் பலிப்பதில்லை. அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளை தூங்கப் போராடும், அடிக்கடி விழிக்கும். காரில் தூங்கியதை அன்றைய கடைசிக் குட்டித் தூக்கமாக எண்ணி, அது விழித்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில், ஒன்பது மணிவாக்கில் படுக்க வையுங்கள். நான்கு மாதப் பிள்ளை ஒரே மூச்சில் விழித்திருக்கக்கூடிய நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இது அனுபவக் கணக்கு. கண்ணைத் தேய்த்து, பார்வை நிலைகுத்தினால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கார் இருக்கையில் தூங்கினால் வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

விடியல் நமக்குச் சாதகம். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியையொட்டியோ அதற்குப் பிறகோதான் எழுகிறது, பினாங்கில் இன்னும் சில நிமிடம் தாமதம். ஆறு மணிக்கு முன் பாங்குச் சத்தத்திலோ மோட்டார் சைக்கிள் சத்தத்திலோ விழித்தால் விளக்கைப் போடாமல், பேசாமல், இருட்டிலேயே பால் கொடுங்கள். எழுந்த பிறகு ஏழரை மணி வெளிச்சத்தில் சன்னலோரம் பத்து நிமிடம் வைத்திருங்கள், உடல் கடிகாரம் பழக அது உதவும். காற்றாடிச் சத்தமே வெளிச்சத்தத்தை ஓரளவு மறைக்கும். தனி இயந்திரமோ கைப்பேசியோ வைத்தால் இரண்டு மீட்டர் தள்ளி, மெல்லிய ஒலியில் வையுங்கள்.

ஏர்கான் 24 முதல் 26 டிகிரி, ஒரே ஒரு பருத்தி உடை. கை சில்லென்று இருப்பதைப் பார்த்துப் போர்த்த வேண்டாம், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடை அதிகம். டெங்கி உள்ள ஊர், ஆகவே கொசுவலை வேண்டும். அது தளர்ந்து முகத்தில் விழாமல் இறுகக் கட்டியிருக்கட்டும்.

பசி அதிகம் என்று நினைத்துப் பால் புட்டியில் அரிசி மாவு கலக்கச் சொல்வார்கள். அதனால் தூக்கம் நீளாது, புரையேறும் அபாயம்தான். தேன் ஒரு வயது வரை நாவில் தடவக்கூட வேண்டாம். இந்த வயதில் இரவில் ஒன்று முதல் மூன்று முறை பால் கேட்பது இயல்பு.

பெற்றோர் இருவரும் சேர்ந்து விழித்திருப்பது வீண். ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். அம்மா ஒன்பது மணிக்குப் பால் எடுத்து வைத்துப் படுத்தால் மார்பு கட்டிக்கொள்வது குறையும். எடுத்த பால் குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும், சூடுபடுத்தியது இரண்டு மணி நேரம்தான். முறை பார்ப்பவர் சோபாவில் சாய்ந்து பிள்ளையை மார்பில் போட்டுத் தூங்குவது மிக ஆபத்தான பழக்கம்.

பேபிசிட்டர் அக்காவிடமோ தாஸ்கா என்ற குழந்தைப் பராமரிப்பு மையத்திலோ வாயால் சொன்னால் மறந்துபோகும், எழுதிக் கொடுங்கள்: மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், துணி சுற்றக்கூடாது, நாளுக்கு மூன்று நான்கு குட்டித் தூக்கம், கடைசியாக எத்தனை மணிக்கு எழுந்தது.

எல்லா விழிப்பையும் இந்த மாற்றத்தின் மேல் போட்டுவிட வேண்டாம். இரண்டு, மூன்று, ஐந்து மாதத் தடுப்பூசிகளும், நான்காம் மாத நியூமோகாக்கல் ஊசியும் ஒன்றிரண்டு இரவைக் கெடுக்கும். காய்ச்சல், குறட்டை, மூச்சு இடைவிடுதல், பேம்பர்ஸ் நனைவது குறைதல், எடை ஏறாமை இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைதான். பிள்ளை தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை, இரண்டு வாரமாக இப்படியே என்றால் அது வெறும் களைப்பாக இல்லாமல் இருக்கலாம். அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்க வேண்டாம், தாதியிடம் இப்போதே சொல்லுங்கள். 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.