ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வேலைக்கு வரும் காற்றாலை டெக்னீஷியன்களுக்கு

திருநெல்வேலியிலிருந்து தெற்கே வந்தால், வள்ளியூர் தாண்டி பணகுடி வரும்போதே சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன. காவல்கிணறில் சாலை பிரியும். நேரே கன்னியாகுமரி, வலப்பக்கம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில். ரயிலில் வருபவர்கள் வள்ளியூரிலோ நாகர்கோவிலிலோ இறங்கலாம். ஆரல்வாய்மொழியிலும் ஸ்டேஷன் உண்டு, எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. சைட் வண்டி காலையில் எந்த ஊரில் ஆட்களை ஏற்றுகிறது என்று கேட்டுவிட்டு அறை பிடியுங்கள்.

எந்த மாதம் சேர்கிறீர்கள் என்பதுதான் முதல் வருடப் படிப்பைத் தீர்மானிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கணவாயில் நெருக்கிப் பாய்கிறது. அப்போது மெஷின் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் யூனிட் நஷ்டம் என்பதால் பிரேக்டவுன் வேலைதான் அதிகம். விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. காற்று தணிந்த மாதங்களில் சேர்ந்தால் வருடாந்திரப் பராமரிப்பில் ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுக் கற்கலாம். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் ஜனவரியில் சேருங்கள்.

சைட்டுக்கு முன்னால் ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற சர்வதேசக் காற்றாலை அமைப்பு) வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. முதலுதவி, சுமை கையாளுதல், தீ, உயரத்தில் வேலை ஆகிய நான்கும் நிலத்தில் வேலை செய்பவருக்குப் போதும். கடலில் உயிர் தப்பும் பயிற்சி கடலிலுள்ள காற்றாலைகளில் வேலை செய்பவருக்கு மட்டும். சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அது பதிவாகும் விண்டா (ஜிடபிள்யூஓவின் ஆன்லைன் பயிற்சிப் பதிவேடு) கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். கம்பெனி மின்னஞ்சலில் தொடங்கினால், வேலை மாறும்போது அந்தக் கணக்கைத் திறப்பதே சிக்கலாகும்.

ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிய பாதுகாப்புப் பட்டை) அணிந்ததும் தொடைப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. ஏணியில் ஏறும்போது, விழுந்தால் பிடித்து நிறுத்தும் ஃபால் அரெஸ்டர் நெஞ்சுக்கு நேரான வளையத்தில் மாட்டப்படும். லேன்யார்டின் (ஹார்னஸை டவரோடு இணைக்கும் கயிறு) கொக்கியை எப்போதும் தலைக்கு மேலே போடுங்கள். இரண்டு மீட்டர் லேன்யார்டைக் காலடியில் மாட்டி விழுந்தால், அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் கிழிந்து நீளும் 1.75 மீட்டரையும் ஆள் உயரத்தையும் சேர்த்து, கீழே ஆறு மீட்டருக்கு மேல் வெற்றிடம் தேவை. டவரின் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டியான நாசெல்லுக்குள் அந்த இடம் ஏது?

80 மீட்டர் டவரில் புதியவர்கள் பாதியிலேயே முன்கை மரத்து நிற்பது வழக்கம். கைகளால் உடம்பை இழுப்பதே காரணம். எடையைக் கால்கள் தாங்கட்டும், கை ஏணியைப் பிடித்திருந்தால் போதும். டவருக்குள் ஒவ்வொரு மேடையிலும் தரைக் கதவை மூடிய பிறகே அடுத்தவர் ஏறத் தொடங்க வேண்டும். மேலிருந்து நழுவும் ஒரு ஸ்பேனர் போதும், ஆளைக் கொல்ல. மேலே போனதும் மீட்புக் கருவிப் பை எங்கே என்று பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஹார்னஸில் அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயங்கலாம்.

இறக்கைகள் சேரும் நடுப்பகுதியான ஹப்புக்குள் நுழையக் காற்றின் வேக வரம்பு மாடலுக்கு மாடல் வேறுபடும், மேனுவலில் இருக்கும். இறக்கைகள் சுழலாமல் பூட்டும் ரோட்டார் லாக் முழுதாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் நுழையாதீர்கள். இந்தக் கணவாயில் திடீர் வீச்சு அதிகம், சராசரியை மட்டும் நம்ப முடியாது. இடி கேட்டால் இறங்கிவிடுவதுதான்.

மின்பகுதியில் பலர் மறப்பது, ஜெனரேட்டரின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டரின் கப்பாசிட்டர்களை. 690 வோல்ட் பிரேக்கரைத் திறந்து பூட்டுப் போட்டாலும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பேனலில் எழுதியுள்ள நேரம் முழுக்கக் காத்திருந்து அளந்து பாருங்கள். மீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்திலேயே சோதிக்க வேண்டும். நடுவில் மீட்டர் செத்துப்போனால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும்.

போல்ட்டைக் குறித்த முறுக்கு விசைக்கு (டார்க்) இறுக்கும் வேலையிலும் இப்படி ஏமாற்றும் ஒரு எண் உண்டு. மரையில் உராய்வைக் குறைக்கும் பேஸ்ட் தடவச் சொல்லியிருந்தும் உலர்ந்த போல்ட்டை முறுக்கினால், கருவி குறித்த அளவைக் காட்டும். விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போயிருக்கும், இறுக்கம் போதாது. சில மாதங்களில் அந்த போல்ட் தளர்ந்து பக்கத்து போல்ட்களின் மேல் சுமை ஏறி, அவையும் உடையத் தொடங்கும். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஃபிளேஞ்ச் (போல்ட் இணைக்கும் விளிம்பு) வரை மார்க்கரால் ஒரே கோடு போடுங்கள். அடுத்த முறை வருபவருக்கு எது நகர்ந்தது என்று அந்தக் கோட்டில் தெரியும்.