முதற்பிள்ளை: முதல் குத்திலிருந்து கடும்புப்பால் வரை

முதற்பிள்ளைக்கு நேரம் எடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் எடுக்கிறது என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. கர்ப்பகாலம் முழுவதும் கருப்பைவாய் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில், இறுகி மூடிய ஒரு குழாயாக இருக்கிறது. முதல் தடவை பெறுகிறவருக்கு அந்தக் குழாய் முதலில் குறுகி மெலிந்து கடதாசித் தடிப்புக்கு வரவேண்டும். திறப்பது அதற்குப் பிறகுதான். இரண்டாவது பிள்ளைக்கு மெலிவதும் திறப்பதும் ஒன்றாக நடக்கும், அதனால்தான் அது வேகம். ஆகவே குத்து, அதாவது பிரசவ நோ, தொடங்கி எட்டு மணித்தியாலம் கழித்தும் "இன்னும் இரண்டு சென்ரிமீற்றர்தான்" என்று மிஸ் (தாதி) சொன்னால் மனம் உடையவேண்டாம். அந்த எட்டு மணித்தியாலமும் மெலிவதற்குப் போயிருக்கிறது. வீணாகப் போகவில்லை.

முன்பெல்லாம் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் திறக்கவேண்டும் என்பது கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டல் அதை மாற்றியது. ஐந்து சென்ரிமீற்றர் வரைக்கும் உள்ள காலத்துக்கு இவ்வளவுதான் என்ற எல்லையே இல்லை, ஆளுக்கு ஆள் வேறுபடும். ஐந்துக்குப் பிறகு பத்து வரை, முதற்பிள்ளைக்கு வழமையாகப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்போகாது. தாயும் பிள்ளையும் நலமாக இருக்கும்போது, மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்படுத்தத் தேவையில்லை.

இந்த ஆரம்பக் கட்டத்தில் செய்யவேண்டியது பலத்தைச் சேமிப்பது. இரவென்றால் படுங்கள், தூக்கம் வராவிட்டாலும் இடதுபக்கம் சரிந்து கண்ணை மூடுங்கள். பகலென்றால் வீட்டுக்குள் நடவுங்கள். இடியப்பமும் சொதியும், பாண், கஞ்சி, வாழைப்பழம் என்று இலேசாகச் சாப்பிடுங்கள். இளநீர், தேசிக்காய்த் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் வயிற்றோடு பத்து மணித்தியாலம் இருந்தவருக்குத் தள்ளும் நேரத்தில் கையிலும் காலிலும் வலு இருக்காது. ஆமணக்கெண்ணெய் குடித்தால் குத்துக் கெதியாக வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். வயிற்றோட்டமும் சத்தியும் வந்து உடலில் தண்ணீர் குறைந்துதான் லேபர் ரூமுக்குப் போகவேண்டிவரும். வேண்டாம்.

குத்தை எண்ணும்போது ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எண்ணவேண்டும். முடிவிலிருந்து எண்ணிவிட்டு "இரண்டு நிமிடத்துக்கு ஒன்று" என்று பதறுவது அடிக்கடி நடக்கிற பிழை. எவ்வளவு பலமான குத்து என்பதற்கு, அது உச்சத்தில் இருக்கும்போது வயிற்றின் மேற்பகுதியில் விரல்நுனியை அழுத்திப் பாருங்கள். மூக்குநுனி மாதிரி அமுங்கினால் இலேசானது, நாடி மாதிரி இருந்தால் நடுத்தரம், நெற்றி மாதிரி அமுங்கவே அமுங்காவிட்டால் பலமானது. பொய்க்குத்து ஒழுங்கில்லாமல் வரும், குளித்துவிட்டுப் படுத்தால் அடங்கும். மெய்க்குத்து படுத்தாலும் நடந்தாலும் விடாது, இடைவெளி குறையும், முதுகிலிருந்து அடிவயிற்றுக்குச் சுற்றிவரும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படி ஒரு மணித்தியாலம் தொடர்ந்தால் புறப்படலாம். கொழும்பில் இந்தக் கணக்கோடு தெருவையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு நள்ளிரவில் போகிற நேரம் வேறு, காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாகனங்களுக்கு நடுவே போகிற நேரம் வேறு. விடியப்புறம் நான்கு மணிக்குக் குத்து ஏழு நிமிட இடைவெளியில் இருந்தால், எட்டு மணிவரை பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஐந்தரைக்குப் புறப்படுவது நல்லது. கிளினிக் அட்டை எங்கே போடப்பட்டதோ அங்கேயே போங்கள். காசல் வீதி, டி சொய்சா, களுபோவில எல்லாமே அரச மருத்துவமனைகள்தான், கட்டணம் இல்லை. என்றாலும் உங்கள் இரத்தப் பரிசோதனை, ஸ்கான் விவரங்கள் கிளினிக் போன இடத்தில்தான் இருக்கும்.

சில நேரங்களில் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது. மாதவிடாய் போல இரத்தம் போனால், பிள்ளையின் அசைவு குறைந்தாலோ நின்றாலோ, கடும் தலையிடியோடு கண் மங்கினால், காய்ச்சல் இருந்தால், வயிறு இளகாமல் கல்லாகவே நின்றால், 37 வாரம் நிறையமுன் குத்து வந்தால், பிள்ளை தலைகீழாகத் திரும்பவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், உடனே போகவேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சளியோடு கலந்து கோடு கோடாக வரும் இரத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. கருப்பைவாயை அடைத்திருந்த சளி கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஓரிரு நாள் எடுக்கலாம்.

பன்னீர்க்குடம் உடைவது எல்லோருக்கும் "டமார்" என்று நடப்பதில்லை. பலருக்குக் கசிவுதான், சிறுநீரா என்று சந்தேகம் வரும். மாதவிடாய்க்குக் கட்டுகிற சுத்தமான பாட் ஒன்றைக் கட்டி அரைமணித்தியாலம் நடந்துவிட்டுப் பாருங்கள். சிறுநீர் மணக்கும், பன்னீர் அப்படி மணக்காது, அடக்கினாலும் நிற்காது. நேரத்தை எழுதிவையுங்கள். உள்ளே போனதும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான், ஏனென்றால் உடைந்து மணித்தியாலங்கள் ஏற ஏறக் கிருமித் தொற்றுக்கு வாய்ப்புக் கூடும். குத்து இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். தண்ணீர் பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது, தாமதம் கூடாது. தண்ணீரோடு கொப்பூழ்க்கொடி வெளியே தட்டுப்பட்டால் முழங்காலிட்டு, மார்பை நிலத்தோடு தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி அப்படியே இருந்துகொண்டு 1990 ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். தலை கொடியை நசித்தால் பிள்ளைக்கு இரத்தம் போகாது, அந்த இருப்பு தலையைக் கொஞ்சம் விலக்கிவைக்கும். இது அரிது. அரிதென்றாலும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

பையில் எல்லாவற்றுக்கும் மேலே கிளினிக் அட்டையும் அடையாள அட்டையும் இருக்கட்டும். பெரிய பாட் இரண்டு பைக்கற், முன்பக்கம் திறக்கிற சட்டை, துவைத்து வெயிலில் காயவிட்ட மெல்லிய பருத்தித் துணிகள், பிள்ளைக்குத் தொப்பி, சுடுதண்ணிப் போத்தல், செருப்பு. நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தாலிக்கொடி பற்றித்தான் பலருக்குத் தயக்கம். திடீரென்று சீசருக்கு, அதாவது வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கிற சத்திரசிகிச்சைக்கு, கொண்டுபோனால், மின்சாரத்தால் இரத்தக்குழாய்களைச் சுட்டு அடைக்கிற கருவி பாவிப்பார்கள், உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடக்கூடும். கடைசி மாதத்திலேயே கொடியை வைத்துவிட்டு மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டால், இரவில் தியேட்டர் வாசலில் நின்று அந்த முடிவை எடுக்கத் தேவையில்லை. நகப்பூச்சும் வேண்டாம். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவிக்கு அது இடைஞ்சல்.

அடுத்தது மொழி. தமிழில் சேவை பெறுவது உங்கள் உரிமை, தமிழ் அரச கரும மொழி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு லேபர் ரூமில் பக்கத்தில் நிற்கிற மிஸ்ஸுக்குச் சிங்களம் மட்டுமே தெரிந்திருக்கலாம். பத்துச் சொல் கையில் இருந்தால் பயம் பாதியாகிவிடும், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நோகிறது என்பதற்கு ரிதெனவா. தண்ணீர் போகிறது, வத்துர யனவா. இரத்தம் போகிறது, லே யனவா. பிள்ளை அசையவில்லை, பபா ஹெல்லென்னே நே. தள்ளவேண்டும்போல் இருக்கிறது, மட்ட தல்லு கரன்ன ஹிதெனவா. அவர்கள் சொல்வதில் ஹுஸ்ம கன்ன என்றால் மூச்சை எடு, தல்லு கரன்ன என்றால் தள்ளு, எப்பா என்றால் வேண்டாம், வம் பெத்தட ஹெரென்ன என்றால் இடப்பக்கம் திரும்பு. "தல்லு கரன்ன எப்பா" என்பதில் முதற்சொல் மட்டும் காதில் விழுந்து தள்ளிவிட்டால் கெடுதி. அந்த "எப்பா"வை மறக்கவேண்டாம். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்களா என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டுவையுங்கள், வாசலில் கேட்டுப் பயனில்லை.

உள்ளே எடுத்தபின் பிள்ளையின் இதயத்துடிப்பை ஏறத்தாழ பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது வழமை. கையால் உட்பரிசோதனை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும், அடிக்கடி செய்தால் தொற்றுக்குத்தான் வழி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை தலை இறங்குவதை மறிக்கும், குத்தின் வலுவையும் குறைக்கும். குத்து நடுவே சிறுநீர் முட்டுவது தெரியாது, ஆகவே முட்டுகிறதா என்று பார்த்திருக்காமல் போங்கள். மல்லாந்து படுக்கவேண்டாம். கருப்பையின் பாரம் முதுகோரமாக ஓடும் பெரிய இரத்தக்குழாய்களை அழுத்தும், பிள்ளைக்குப் போகிற இரத்தம் குறையும். சரிந்து படுங்கள், நில்லுங்கள், கட்டிலைப் பிடித்து முன்னே குனியுங்கள். முதுகு பிளக்கிறமாதிரி நொந்தால் பிள்ளையின் முகம் முன்பக்கம் பார்த்திருக்கலாம். நாலுகாலில் நிற்பது அந்த நோவைக் குறைக்கும்.

நோவுக்குப் பெதிடின் ஊசி போடுவார்கள். சில மணித்தியாலம் நிற்கும், தலை சுற்றும், சத்தி வரும். பிள்ளை பிறக்கச் சற்று முன்பாகப் போட்டால் பிள்ளையும் தூங்கிவழியும், மூச்செடுக்கவும் பால் குடிக்கவும் சுணங்கும். அதனால் கேட்டவுடன் போடாமல் எத்தனை சென்ரிமீற்றர் என்று பார்த்தபின்தான் முடிவெடுப்பார்கள். மூச்சில் இழுக்கிற வாயு இருந்தால் குத்து உச்சத்துக்கு வந்தபின் இழுத்துப் பயனில்லை, அது வேலைசெய்ய அரைநிமிடம் எடுக்கும். வயிறு இறுகத் தொடங்கியதும் இழுக்கவேண்டும். முதுகில் ஏற்றும் எபிடியூரல் எல்லா இடத்திலும் எந்நேரமும் கிடைக்காது. வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.

சேலைன் போத்தலில் ஒக்சிரோசின் விட்டுக் குத்தைக் கூட்டினால் அது தானாக வருகிற குத்தைவிடக் கடுமையாக ஏறும். பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு குத்துப் போதும். ஐந்துக்கு மேற்போனால் உடனே மிஸ்ஸிடம் சொல்லுங்கள், துளியைக் குறைக்கவேண்டும். குத்தின்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் தடைப்படுகிறது, இடைவெளியில்தான் பிள்ளை மூச்சுவாங்குகிறது. அந்த இடைவெளியைக் குறைத்தால் இதயத்துடிப்பு இறங்கும், நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது சீசரில் போய் முடியலாம்.

எட்டு சென்ரிமீற்றருக்குப் பிறகு உடல் நடுங்கும், சத்தி வரும், "என்னால் ஏலாது, வீட்டுக்குப் போகப்போகிறேன்" என்று பலர் அழுவார்கள். அது முடிவு கிட்டியதன் அடையாளம். மலம் வருகிறமாதிரி முட்டும். பத்து ஆகவில்லை என்றால் தள்ளவேண்டாம். முழுதாகத் திறக்காத கருப்பைவாயின்மேல் தலையை அழுத்தினால் அந்த வாய் வீங்கித் தடிக்கும், இன்னும் சுணங்கும். பத்து ஆனபின் முதற்பிள்ளைக்குத் தள்ளும் கட்டம் மூன்று மணித்தியாலம் வரை போகலாம். நாடியை நெஞ்சோடு சேர்த்து, தொண்டையால் கத்தாமல், மலச்சிக்கலுக்கு முக்குகிறமாதிரிக் கீழே முக்குங்கள். குத்து வரும்போது மட்டும். இடைவெளியில் கையையும் காலையும் தளரவிடுங்கள். தள்ளும்போது மலம் கொஞ்சம் வரும், எல்லோருக்கும் வருவதுதான், அதை நினைத்து அடக்கினால் பிள்ளையையும் அடக்குகிறீர்கள்.

தலை தெரியும்போது பிறப்பு வாசல் நெருப்பாக எரியும். அந்த நேரத்தில் தள்ளுவதை நிறுத்தி, சுட்ட தேத்தண்ணியை ஊதுகிறமாதிரிச் சின்னச் சின்னதாக ஊதவேண்டும். தலை மெதுவாக வந்தால் தோல் நீள நேரம் கிடைக்கும், கிழிவு குறையும். எல்லோருக்கும் வெட்டுப்போடுவது தேவையில்லை. தேவைப்பட்டால் விறைப்பு ஊசி போட்டபின் பக்கவாட்டில் சரிவாக வெட்டுவார்கள். ஊசி போட்டார்களா என்று கேட்பதில் வெட்கமில்லை, தையலுக்கும் அதே.

பிள்ளை பிறந்ததும் தொடையில் ஒக்சிரோசின் 10 அலகு போடுவார்கள், கருப்பை சுருங்கி இரத்தப்போக்கை நிறுத்த. கொப்பூழ்க்கொடியை வெட்டக் குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்தால் பிள்ளைக்கு இரும்புச்சத்து மிச்சம். நஞ்சுக்கொடி அரைமணித்தியாலத்துக்குள் வந்துவிடும். துண்டு ஏதும் உள்ளே தங்கினால் கருப்பை சுருங்காது, அதனால்தான் அதைப் பிரட்டிப் பார்க்கிறார்கள். 500 மில்லிலீற்றர், அதாவது இரண்டரைத் தேநீர்க்கோப்பைக்கு மேல் இரத்தம் போனால் ஆபத்து. வார்ட்டுக்கு வந்தபின்னும் கொப்பூழை ஒட்டிக் கையால் தடவுங்கள். சின்னத் தேங்காய்மாதிரி இறுகியிருக்கவேண்டும். மாவாக இளகியிருந்தால், அல்லது ஒரு பாட் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நனைந்தால், தலை சுற்றினால், யாரும் வரும்வரை காத்திருக்காமல் உரத்துக் கூப்பிடுங்கள். தூங்கும் நேரம், மிஸ்ஸைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று பொறுத்திருப்பதுதான் மிகவும் கெட்ட பழக்கம்.

முதல் ஒரு மணித்தியாலம் பிள்ளை உங்கள் நெஞ்சில், தோலோடு தோலாக. அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே பால் கொடுக்கத் தொடங்கவேண்டும். முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி கடும்புப்பால், அதாவது முதலில் சுரக்கிற தடித்த பால், போதும், பிள்ளையின் வயிறு அவ்வளவுதான். "பால் இல்லை" என்று மாமி பால்மா கரைக்கச் சொன்னால் இதைச் சொல்லுங்கள். தேனும் சீனித்தண்ணியும், பிறந்த பிள்ளையின் நாக்கில் தடவுகிற சேனையும் வேண்டாம். தேனில் உள்ள கிருமி ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நஞ்சாகலாம்.

ஆறு மணித்தியாலத்துக்குள் சிறுநீர் போகவேண்டும். எரியும் என்று பயமாக இருந்தால் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகுமுன் பிள்ளைக்குப் பீசீஜீ (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். வந்த அன்றே குடும்பநல மருத்துவிச்சிக்கு ஒரு கோல் எடுங்கள், முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து தையலையும் கொப்பூழையும் பார்ப்பார். தாய்வீடு மட்டக்குளியிலோ வத்தளையிலோ இருந்து அங்கே போவதென்றால் அந்தப் பகுதி மருத்துவிச்சிக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ வீடு இருந்தாலும் பிள்ளை பிறந்தது பொரளையில் என்றால் பிறப்புப் பதிவு அந்தப் பிரிவுப் பதிவாளரிடம்தான். 42 நாள் இருக்கிறது, பெயரை அவசரப்பட்டு முடிவுசெய்யத் தேவையில்லை.