ஓசூரில் ஏறி தொப்பூர் இறங்கும் வரை

ஓசூரிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். முன்பெல்லாம் இரவில் கிளம்புவோம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஒருமுறை விடியற்காலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குக் கண் சொக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றோடு இரவுப் பயணத்தை விட்டுவிட்டோம். இந்த அரையாண்டு லீவுக்குக் காலை 6 மணிக்கே கிளம்பினோம். பையனுக்கு 6 வயது, பாப்பாவுக்கு 3. கூட அப்பத்தா.

சூளகிரி வருவதற்குள் பையன் வாந்தி எடுத்துவிட்டான். கிளம்பும்போது அடம்பிடித்தானே என்று போனைக் கொடுத்திருந்தேன். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வண்டி ஆடுகிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். 2 வயதிலிருந்து 12 வயது வரைக்கும் இந்தத் தொந்தரவு அதிகம். சட்டையை மாற்றி, முகம் கழுவிவிட்டேன். அப்பத்தா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்கருகே பிடித்துக்கொண்டு, “தூரத்துல தெரியிற மலையவே பாருய்யா” என்றார்.

நல்லவேளையாக அந்தச் சாலையில் மலைகளுக்குக் குறைவே இல்லை. சூளகிரி மலை, அப்புறம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, நடுவில் எத்தனையோ பாறைக் குன்றுகள். ஒன்று ஆமையாம், இன்னொன்று படுத்திருக்கும் எருமையாம். பையன் சொல்லிக்கொண்டே வந்தான், போனைக் கேட்கவே இல்லை. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 500. இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போகும். அப்போதே ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும், புழுக்கத்திலும் குமட்டும்.

பாப்பா மட்டும் மடிக்கு வருவேன் என்று அழுதுகொண்டே வந்தாள். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் அவளுடைய சீட்டிலிருந்து எடுக்கவில்லை. திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. அழுகை கால் மணி நேரத்தில் ஓய்ந்தது.

கிருஷ்ணகிரி தாண்டியதும் கே.ஆர்.பி. அணைக்குத் திரும்பினோம். தென்பெண்ணையில் 1957-இல், காமராசர் முதல்வராக இருந்தபோது கட்டி முடித்த அணை. அங்கே மீன் வறுவல் பிரபலம். வாந்தி எடுத்த வயிற்றுக்கு அது வேண்டாமென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைக் கொடுத்தேன். பூங்காவில் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஓடினார்கள். “இந்நேரம் தொப்பூர் தாண்டியிருக்கலாம்” என்றார் கணவர். “ஓடட்டுங்க” என்றேன். திரும்ப வண்டியில் ஏறியதும் பாப்பா தூங்கிவிட்டாள். பையன் நிப்பட்டைக் கொறித்துக்கொண்டு தர்மபுரி வரை சத்தமே போடவில்லை.

தர்மபுரி வந்ததும் ஒகேனக்கல் போகலாமா என்ற பேச்சு வந்தது. ஒரு பக்கத்துக்கே 45 கிலோமீட்டருக்கு மேல். அதோடு, பரிசலில் 3 வயதுக் குழந்தையை ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. ஒகேனக்கல்லுக்கென்றே தனியாக ஒருநாள் வரலாம் என்று விட்டுவிட்டோம்.

சாலையோரத்தில் பெருநெல்லி விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கால் கிலோ வாங்கினோம். அதியமான்கோட்டை பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அப்பத்தா கதையை ஆரம்பித்துவிட்டார். நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த அதியமான் இந்தத் தகடூரை ஆண்டவன்தான் என்றார். பையன் ஒரு துண்டைக் கடித்து முகத்தைச் சுளித்தான். “இப்பத் தண்ணி குடி” என்றேன். ஒரு மடக்கு குடித்தவன் கண்ணை அகல விரித்து, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அம்மா, தண்ணில சர்க்கரை போட்டியா?” அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதியமானுக்கு இது தெரியாதா? தெரிஞ்சும் குடுத்தாரா?” என்று கேட்டான். தெரிந்துதான் கொடுத்தார் என்றார் அப்பத்தா.

தொப்பூர் கணவாய்க்கு முன்னாலேயே, பாளையம் சுங்கச்சாவடி பக்கம் வண்டியை நிறுத்தி எல்லோரும் ஒன்றுக்குப் போய்விடுங்கள். “வரல” என்று சொல்லும் பிள்ளையையும் இறக்கிக் கூட்டிப்போங்கள். கீழே சேலம் பக்கம் இறங்குவது நீண்ட சரிவு, விபத்துகள் அடிக்கடி நடக்கிற இடம். பாரம் ஏற்றிய லாரிகள் கீழ் கியரில் ஊர்ந்து வரும். அங்கே ஓரம்கட்டுவது ஆபத்து. அந்தச் சரிவு முழுக்க, ஓட்டிக்கொண்டிருந்த கணவரிடம் நாங்கள் யாரும் பேசவில்லை. பாட்டுகூடப் போடவில்லை.

சரிவு முடிந்து சாலை சமமானபோது திரும்பிப் பார்த்தேன். அப்பத்தாவின் தோளில் சாய்ந்து பையன் தூங்கிப்போயிருந்தான். மூடிய கைக்குள் பாதி கடித்த நெல்லிக்காய் ஒன்று இருந்தது. தங்கச்சி எழுந்ததும் கொடுப்பதற்காம்.