13-ஆம் பதிப்பு பாக்கெட்

மார்ச் 3, 2025, திங்கள்

இரவு ஒன்பதரைக்கு நண்பரிடமிருந்து செய்தி. அவர் வீட்டு ரவுட்டரில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடுகிறது. போன மாதம் என் பேட்சை, அதாவது அதன் நிரலுக்கு நான் எழுதிய திருத்தத்தை, கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர் அவர். நெட்வொர்க்கில் தரவு போகும் சிறு பொட்டலம்தான் பாக்கெட்; ஐபிவி6 பாக்கெட்டில் முதல் தலைப்புக்குப் பின்னால் வரிசையாக வரும் நீட்சித் தலைப்புகளை, எதை விடுவது எதைத் தடுப்பது என்று முடிவுசெய்யும் பிஎஃப் ஃபயர்வால் இன்னும் கறாராகச் சோதிக்கட்டும் என்று நான் எழுதியது. ஃப்ரீபிஎஸ்டியில் சேர்க்கச் சொல்லி இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பாக்கெட் காரணமே இல்லாம பிளாக் ஆகுதுங்க. டனல் வழியா வர்றது மட்டும்தான்." டனல் என்றால் ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் சுருட்டி அனுப்பும் வழி.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று! இயங்குதளத்தின் மையமான கெர்னலே மொத்தமாகப் படுத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

அவர் அனுப்பிய பிஎஃப்லாக் பதிவை (பிஎஃப் தடுத்த பாக்கெட்டுகளின் நகல்), பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் திறந்து பார்த்தேன். பாக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. பதிப்பு 6, முகவரிகள் சரி, போர்ட் சரி. பிஎஃப்பில் கடைசியாகப் பொருந்தும் விதிதான் ஜெயிக்கும். அவருடைய முதல் விதி 'எல்லாவற்றையும் தடு'. அதற்குக் கீழே இந்தப் பாக்கெட்டை அனுமதிக்கும் விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் தடுத்தது முதல் விதி. அப்படியென்றால் கீழே இருந்த எதுவுமே பொருந்தவில்லை. நான் பார்க்கும் பாக்கெட்டும் ஃபயர்வால் பார்த்த பாக்கெட்டும் ஒன்றுதானா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. என் லேப்டாப்பில் எடுத்த பதிவில் 'செக்சம் தவறு' என்று இருந்ததைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போனது. பாக்கெட் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்தான் செக்சம். வெளியே போகும் பாக்கெட்டில் அதை நெட்வொர்க் கார்டே கடைசியில் கணக்கிட்டு நிரப்பும். டிசிபிடம்ப் அதற்கு முன்பே படம் எடுத்துவிடும். அதனால்தான் தவறாகத் தெரிகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதில் ஏமாறுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

சோதனைக் களம் தயார். ஒரே லேப்டாப்புக்குள் மூன்று ஜெயில்கள், அதாவது தனித்தனிக் கணினி போல நடக்கும் அறைகள். விநெட் என்ற வசதி இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி ரூட்டிங், தனி பிஎஃப். நடுவில் ஈபேர் என்ற பொய்க் கம்பி. ஒரு முனையில் போட்டது மறு முனையில் வரும். ஸ்கேப்பி என்ற கருவியில் பாக்கெட் செய்து இரண்டு லட்சம் அனுப்பினேன். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றாவது விழக்கூடாதா!

மார்ச் 8, சனி

கிடைத்தது. காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, 'டனல் வழியாக மட்டும்' என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார் என்பது.

கெர்னல் பாக்கெட்டை எம்பஃப் என்ற பெட்டிகளில் வைக்கும். ஒரு பெட்டி 256 பைட். டிபன் கேரியர் மாதிரிதான். ஒரே பாக்கெட் இரண்டு மூன்று அடுக்கில் இருக்கலாம். தலைப்பை மொத்தமாகப் படிக்க வேண்டுமென்றால் எம்_புல்லப் என்ற கெர்னல் செயற்கூறைக் கூப்பிட்டு, 'இத்தனை பைட்டை முதல் அடுக்கிலேயே சேர்த்து வை' என்று கேட்கிறோம். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அதைக் கூப்பிடத் தேவையில்லை. பிரிந்திருந்து, முதல் அடுக்கில் இடமும் இல்லையென்றால் புது அடுக்கு எடுத்துக் கொட்டிவிட்டு, காலியான பழையதை விடுவித்துவிடும். என் பேட்சிலும் பிரிந்திருந்தால் மட்டும் எம்_புல்லப் கூப்பிட்டேன். ஆனால் ஐபி தலைப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பாயின்டரை அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். கழுவப் போட்ட அடுக்கில் சாம்பார் தேடிய கதை.

ஈபேரில் நான் அனுப்பியவை எல்லாம் ஒரே அடுக்கில் வந்தன. அவருடைய டனலில்தான் எப்போதாவது ஒன்று பிரிந்து வருகிறது. போதாததற்கு என் கெர்னல் பிழை பிடிக்கும் உள்சோதனைகள் இல்லாத ஜெனரிக்-நோடீபக், அவருடையதும் அவற்றை அணைத்த ஸ்டேபிள். விடுவித்த நினைவகத்தில் பழைய பைட்டுகள் அப்படியே கிடக்கும், யாராவது அதை எடுத்து எழுதும்வரை. அதனால்தான் பெரும்பாலும் வேலை செய்தது.

அந்த உள்சோதனைகளை இயக்கும் இன்வேரியன்ட்ஸ் போட்டு கெர்னலைக் கட்டினேன். அது விடுவித்த இடத்தையெல்லாம் 'டெட்கோட்' என்று படிக்கும்படியான பதினறும எண்ணால் நிரப்பிவிடும். பாக்கெட்டின் முதல் 40 பைட்டை, அதாவது ஐபிவி6 தலைப்பை மட்டும், தனி எம்பஃப்பின் கடைசி ஓரத்தில் ஒட்டிவைக்கும் ஏழெட்டு வரி சேர்த்தேன். பிஎஃப் எதைப் பார்க்கிறது என்று அச்சிட ஒரு பிரின்ட்எஃப். முதல் பாக்கெட்டிலேயே:

பதிப்பு 13, அடுத்த தலைப்பு 173, ஹாப் லிமிட் 222.

சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து "என்ன ஆச்சு?" என்று குரல். டெட்கோடின் முதல் எழுத்து 'டி', பதினறுமத்தில் 13. மற்ற இரண்டும் அதன் அடுத்தடுத்த பைட்டுகள். ஃபயர்வாலிடம் பாவம், ஐபி பதின்மூன்றுக்கு விதியே இல்லை. பிஎஃப்லாக்குக்குப் போனது உண்மையான பாக்கெட், முடிவு எடுக்கப்பட்டது பிணத்தைப் பார்த்து.

மார்ச் 9, ஞாயிறு

பாயின்டரைத் திரும்ப எடுக்கும் ஒரு வரி போதும். போட்டேன், சரியானது. அப்புறம் மனசு கேட்காமல் எம்_புல்லப்பையே தூக்கிவிட்டு, பிஎஃப்பின் சொந்த வழக்கப்படி பிஎஃப்_புல்_ஹெச்டிஆர் வைத்துத் தலைப்பை உள்ளூர் மாறிக்குப் பிரதியெடுத்தேன். கொஞ்சம் மெதுவாக இருக்கலாம், பரவாயில்லை.

வெட்கம் என்னவென்றால், நான் திருத்திய கோப்பிலேயே, பாக்கெட்டை நார்மலைஸ் செய்தபின் பாயின்டர்களைப் புதிதாக எடுக்கும் இடத்தில், அது எம்பஃப்பைக் குழப்பும் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பல தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். பிஎஃப் 2001-இல் ஓபன்பிஎஸ்டியில் பிறந்தது, அங்கே அதுவரை இருந்த ஃபயர்வாலான ஐபிஃபில்டரை உரிமச் சண்டையால் தூக்கிய பிறகு. ஃப்ரீபிஎஸ்டி 9.0-க்கு ஓபன்பிஎஸ்டி 4.5-இன் பிஎஃப் வந்தது; அதன்பின் இரண்டும் தனித்தனி வழி.

பெரியவர்களுக்கும் இதன் உறவுக்காரத் தவறு நேர்ந்திருக்கிறது. 2019 மே மாதம் வந்த ஃப்ரீபிஎஸ்டி பாதுகாப்பு அறிவிப்பின்படி, துண்டுதுண்டாக வந்த பாக்கெட்டைச் சேர்க்கும்போது முதல் துண்டின் தலைப்பு இடத்துக்குப் பதில் கடைசியாக வந்த துண்டின் இடத்தை பிஎஃப் எடுத்துக்கொண்டது. அங்கேயும் ஐபிவி6 நீட்சித் தலைப்புதான்.

மார்ச் 12, புதன்

பாக்கெட்டை வெட்டும் அந்த ஏழெட்டு வரியைச் சோதனைக் கெர்னலில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். சோதனைகளை ஓட்டும் கருவியான கியுவாவில் என் பழைய சோதனைகள் எல்லாம் இப்போது வெட்டிய பாக்கெட்டிலும் ஓடுகின்றன. நண்பரிடம் மூன்று நாளாக ஒன்றும் தடுபடவில்லை. "இப்ப சரிங்க, ஆனா போன வாரம் என்னதான் ஆச்சு?" என்றார். டிபன் கேரியர் கதையைச் சொன்னேன்.

என் கிளையில் எம்_புல்லப் வேறு எங்கே இருக்கிறது என்று தேடினேன். நான்கு இடம். மூன்று சரியாக இருக்கின்றன. நான்காவது, ஐசிஎம்பி6 பிழைச் செய்திக்குள் இருக்கும் பாக்கெட்டைப் பார்க்கும் இடம். அதற்கு இன்று தெம்பு இல்லை.