148, 2.74: ஒரு சட்டக் கல்லூரி விண்ணப்ப நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 30

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு எல்சாட். அதன் மதிப்பெண் வந்துவிட்டது. 148. இந்தத் தேர்வின் மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். எழுதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எனக்கு மேலே இருக்கிறார்கள். வாசிப்புப் பகுதியில் பரவாயில்லாமல் செய்திருக்கிறேன். வாதங்களை அலசும் பகுதிதான் இழுத்துவிட்டது. 35 நிமிடம் முடியும்போது கடைசிக் கேள்விகள் தொடப்படாமலே கிடக்கின்றன.

முன்பு இதில் தர்க்கப் புதிர் என்று ஒரு பகுதி இருந்தது. கட்டம் போட்டு, படம் வரைந்து விடை காணவேண்டும். பார்வைக் குறைபாடுள்ள இருவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. அதன் விளைவாக 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். எத்தனையோ ஆண்டுகளாக எல்லோரும் எழுதிவந்த தேர்வை ஒரு வழக்கு மாற்றியிருக்கிறது. சட்டம் படிக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இந்த மாதிரிச் செய்திகளால்தான் வளர்ந்தது. 148-ஐப் பார்த்த பிறகும் அது குறையவில்லை.

2025 செப்டம்பர் 7

இன்று இரண்டாவது எண். பல்கலைக்கழகம் கொடுத்த மதிப்பெண் பட்டியலில் என் ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரி, 3.02. சட்டக் கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக, எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்பு மறுபடியும் கணக்குப் போட்டதில் 2.74.

காரணம் தெரிந்துகொண்டால் நல்லது. முதல் பட்டம் வாங்கும்வரை எந்தக் கல்லூரியில் என்ன படித்திருந்தாலும் அது எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். பல்கலைக்கழகம் போவதற்கு முன் சமுதாயக் கல்லூரியில் படித்த பாடங்களும் வரும். ஒரு பாடத்தில் டி வாங்கி, திரும்பப் படித்து பி வாங்கியிருந்தால், பல பல்கலைக்கழகங்கள் பழையதை விட்டுவிடும். எல்எஸ்ஏசி இரண்டையும் எண்ணும். பட்டம் வாங்கிய பிறகு என்ன படித்தாலும் இந்த எண் அசையாது. முதுகலையில் எல்லாம் ஏ வாங்கினாலும் 2.74 தான்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்பாவுக்கு வேலை அமையவில்லை. நான் இரவில் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வேதியியல் வகுப்புக்குப் போனேன். அந்த இரண்டு ஆண்டுகளும் அப்படியே பட்டியலில் நிற்கின்றன. பிறகு அரசியல் அறிவியலுக்கு மாறினேன், மதிப்பெண்ணும் ஏறியது. ஆனால் சராசரிக்கு முன்னது பின்னது தெரியாது.

சரி, இனி மாறாத எண் எது, மாறக்கூடிய எண் எது என்பது தெளிவு. எல்சாட்டை மறுபடி எழுதலாம். ஐந்து ஆண்டு காலத்துக்குள் ஐந்து தடவை, வாழ்நாளில் ஏழு தடவை என்பது வரம்பு. கல்லூரிகள் வெளியில் அறிவிக்க வேண்டியது ஒருவரின் மிக உயர்ந்த மதிப்பெண்ணைத்தான். அதனால் பெரும்பாலும் அதையே பார்க்கிறார்கள். அக்டோபர் தேர்வுக்குப் பதிந்தாயிற்று.

2025 செப்டம்பர் 20

நான் வேலை செய்யும் சட்ட உதவி அலுவலகத்தில் எனக்கு மேலே உள்ள வக்கீலிடம் விளக்கக் குறிப்பைக் காட்டினேன். குறைந்த ஜிபிஏ ஏன் என்று தனியாக எழுதித் தருவதுதான் அது. நான் முழுசாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "இதில் உள்ள உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு, வருத்தத்தை எல்லாம் எடுத்துவிடு" என்றார். ஆறு வரி மிஞ்சியது: எந்த ஆண்டுகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, அது எப்போது நின்றது, அதற்குப் பிறகு மதிப்பெண் எப்படி வந்தது. படித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்தைவிட இந்த ஆறு வரிக்குத்தான் பலம் அதிகம்.

சுயகட்டுரையில் மதிப்பெண் பேச்சே வரக்கூடாது என்றும் சொன்னார். அங்கே நான் யார், ஏன் சட்டம் என்பது மட்டும் போதும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வரும் வழக்குகளைப் பற்றி எழுதுகிறேன். 1963-இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வசதியில்லாதவர் மீது கடுங்குற்ற வழக்கு வந்தால் அவருக்காக அரசே ஒரு வக்கீலை வைத்துக் கொடுக்கவேண்டும் என்றது. வீடு போகும் வழக்குக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு உரிமை இல்லை. நியூயார்க் நகரம் 2017-இல் முதலில் கொண்டுவந்தது, பிறகு வேறு சில இடங்களும். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் நீதிமன்றத்தில் தனியாக நிற்பவர்கள். பதில் மனு கொடுக்கக் கடைசி நாள் எது என்று நோட்டீஸில் எந்த வரியில் இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுப்பதே என் வேலையில் பாதி. அதற்கு மேலே நான் வாய் திறக்கக்கூடாது, வக்கீல் இல்லையே. இதைத்தான் எழுதப்போகிறேன்.

2025 அக்டோபர் 12

தேர்வு முடிந்தது. இந்த முறை வேகத்துக்குப் பழகவில்லை, தவறுக்குப் பழகினேன். பயிற்சியில் தப்பாகப் போன ஒவ்வொரு கேள்விக்கும், நான் எடுத்த விடை ஏன் சரியென்று தோன்றியது என்று ஒரு வரி எழுதிவைத்தேன். பெரும்பாலும் ஒரே விஷயம்: 'சிலர்' என்று வாதம் சொன்னதை நான் 'பெரும்பாலோர்' என்று படித்திருந்தேன். அது பிடிபட்டதும் நேரமும் தானாகவே மிஞ்சத் தொடங்கியது.

2025 நவம்பர் 1

153. அம்மா, "அஞ்சு மார்க் தானே கூடியிருக்கு?" என்றார். இந்த அளவுகோலில் நடுப்பகுதியில் ஐந்து என்பது பெரிய தாவல் என்று விளக்கினேன். விண்ணப்பங்கள் எல்லாம் இந்த வாரமே போகின்றன. விண்ணப்பம் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போகும் முறை என்பதால், எண் குறைந்தவர்கள் தாமதிக்கக்கூடாது.

2025 டிசம்பர் 17

இன்றைய பதிவு நீளம். நானும் இந்தக் குறிப்பைத்தான் எல்லோரும் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் '509 அறிக்கை' ஒன்றை வெளியிடவேண்டும். எல்லோரும் அதன் முதல் பகுதியை மட்டும் பார்க்கிறார்கள்: எல்சாட், ஜிபிஏ, ஒவ்வொன்றுக்கும் 75, 50, 25 என்று மூன்று நிலை. 25-ஆம் நிலையில் 151 என்றால், சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் ஏறக்குறைய அதிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள். அதை வைத்து எனக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று ஊகிக்கலாம். நானும் செப்டம்பரில் அதைத்தான் செய்தேன்.

இப்போது கீழே உள்ள பகுதிகளைப் படிக்கிறேன். முதலாண்டில் எத்தனை பேர் போய்விட்டார்கள், அவர்களில் மதிப்பெண் போதாமல் வெளியேறியவர்கள் எத்தனை, வேறு கல்லூரிக்கு மாறியவர்கள் எத்தனை என்று தனித்தனியாக இருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாறியவர்களைக் கழித்த பிறகு வெளியேறியவர்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் கல்லூரி தகுதியில்லாதவர்களைச் சேர்க்கிறது என்ற அனுமானம் எழும், கல்லூரிதான் அதை மறுத்துக் காட்டவேண்டும். படிப்பு முடித்தவர்கள் வக்கீலாவதற்கு எழுதும் பார் தேர்வின் முடிவு தனி அறிக்கையாக வருகிறது. தேர்வு எழுதிய பட்டதாரிகளில் 75 சதவீதமாவது இரண்டு ஆண்டுக்குள் தேறவேண்டும் என்பது 2019-இல் இறுக்கப்பட்ட விதி.

என்னைப் போன்ற எண்களுடன் சேர்கிறவர்களுக்கு வாசல் திறப்பது தர்மம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உள்ளே விட்டபிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கல்லூரியை மதிப்பேன். சார்லட் சட்டக் கல்லூரி கதையை இன்று தேடிப் படித்தேன். சேர்க்கையும் பார் தேர்வு முடிவும் சரியில்லை என்று 2016 நவம்பரில் வழக்கறிஞர் சங்கம் அதைக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த மாதம் கல்வித் துறை அதன் மாணவர்களுக்கான கூட்டாட்சிக் கடன் வசதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2017 ஆகஸ்டில் கல்லூரியே மூடிவிட்டது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். சேரும்போது "இடம் கிடைத்துவிட்டது" என்று அவர்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆக, என் பட்டியலிலிருந்து இரண்டு கல்லூரிகளை இன்று நீக்கினேன். இரண்டுமே என்னை எடுத்துக்கொள்ள அதிக வாய்ப்புள்ளவை.

2026 ஜனவரி 10

பணக் கணக்கு. இதுவரை மேற்படிப்புக்கு 'கிராட் பிளஸ்' என்ற கடன் இருந்தது, கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் வாங்கலாம். வரும் ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது கிடையாது. சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. பகுதி நேரமாகப் படித்தால் அதற்கேற்பக் குறையும். எண் குறைந்தவர்களுக்கு உதவித்தொகையும் அரிது. மிச்சத்துக்குத் தனியார் கடன் என்றால் அப்பா கையெழுத்துப் போடவேண்டும். அவரை அதில் இழுக்க எனக்கு மனமில்லை.

2026 பிப்ரவரி 14

இரண்டு கல்லூரிகள் மறுத்துவிட்டன. ஒன்று காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது.

2026 பிப்ரவரி 27

முதல் அனுமதிக் கடிதம்! பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகையும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன், அம்மா அழுதுவிட்டார். இரவு உட்கார்ந்து சின்ன எழுத்தைப் படித்தேன். முதலாண்டு முடிவில் 3.0 இருந்தால்தான் உதவித்தொகை தொடரும். முதலாண்டு வகுப்பின் சராசரி 2.8-ஐ ஒட்டித்தான் அமையவேண்டும் என்று அதே கல்லூரியின் மதிப்பெண் விதி சொல்கிறது. எல்லோரும் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பாதிக்கும் மேற்பட்டோர் 3.0-க்குக் கீழே விழுவது பெரும்பாலும் உறுதி. 509 அறிக்கையில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது: நிபந்தனை உதவித்தொகையுடன் சேர்ந்தவர்கள் எத்தனை, அதில் குறைக்கப்பட்டோ பறிக்கப்பட்டோ போனவர்கள் எத்தனை. இந்தக் கல்லூரியின் வரியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. நிபந்தனையை நீக்கமுடியுமா என்று பணிவாகக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

2026 மார்ச் 21

நீக்கமுடியாது என்று பதில். அப்புறம், நான் அதிகம் எதிர்பார்க்காத இடத்திலிருந்து நல்ல செய்தி. ஒரு பொதுக் கல்லூரியின் மாலை வகுப்பில் இடம். நான்கு ஆண்டுப் படிப்பு. உதவித்தொகை சிறியது, ஆனால் நிபந்தனை இல்லை. கட்டணமும் குறைவு, வேலையை விடவேண்டியதில்லை. முதலாண்டில் வெளியேறியவர்கள் மிகச் சிலர்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். இரண்டு குழந்தைகள், பகலில் வேலை. "கஷ்டமா இருக்கான்னு கேக்காதம்மா, கஷ்டம்தான். டல்லாப் போனா வாத்தியாரே கூப்பிட்டுக் கேக்குறாங்களான்னு கேளு. இங்க கேக்குறாங்க" என்றார். அறிக்கை எதிலும் இல்லாத தகவல் அது.

2026 ஏப்ரல் 11

அப்பாவுடன் உட்கார்ந்து இரண்டு கல்லூரிகளின் காகிதங்களையும் மேசையில் விரித்தேன். மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா என்பதில்தான் அவருக்குத் தயக்கம். "ஒரு வருஷம் கூடப் போகுதேம்மா" என்றார். உதவித்தொகை பறிபோனால் இரண்டாம் ஆண்டிலிருந்து கடன் எவ்வளவு ஏறும் என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "மாலை வகுப்புக்கே போ" என்றார்.

முன்பணம் கட்டியாயிற்று. காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்த கல்லூரிக்கு, என் பெயரை எடுத்துவிடும்படி எழுதினேன். அந்த இடத்துக்காக வேறு யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் வேலை நேரத்தை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கவேண்டும்.