சூடு இறங்கும் வரிசை: எங்கள் ஊர் பேக்கரியின் கதை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் இருக்கும் பேக்கரி மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் உள்ளது. அதன் வரலாற்றை எழுதித் தரும்படி அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கேட்டபோது, யார் தொடங்கினார், யார் வளர்த்தார் என்ற வரிசையைவிடக் கடையின் பின்கட்டில் இருந்த போர்மாவின் கதையே முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கடை எதை விற்றது, எந்த நேரத்தில் விற்றது என்பதையெல்லாம் முதலாளியைவிட அந்தச் செங்கல் அடுப்பே தீர்மானித்து வந்தது.

அரிசியும் மீனும் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கும் உண்டு வாழ்ந்த பகுதி இது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனி, 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, எளிய குடும்பங்களின் முழு உணவாகவே ஆகிவிட்டது. கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. ஆகவே ரொட்டி என்பது எங்கள் பாட்டா காலத்தில் நோயாளிக்கு வாங்கும் பொருள்; காய்ச்சல் விட்ட பிள்ளைக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள், நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் ஒன்று வாங்கிக்கொள்வார்கள். லண்டன் மிஷன் 1838இல் தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி அந்த ஆஸ்பத்திரி. உடல்நலத்தோடு இருப்பவர் ரொட்டி வாங்கினால், ‘வீட்டில் யாருக்குச் சுகமில்லை?’ என்று கடையில் நிற்பவர்கள் விசாரித்த காலம் அது.

தொழில் எங்களுக்கு வந்தது வடக்கேயிருந்து. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு, அஞ்சரக்கண்டித் தோட்டத்து மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரருக்காக 1883இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டது மலையாளக் கரையில் பலரும் அறிந்த கதை. எங்கள் ஊர்க் கடையை ஆரம்பித்தவரும் திருவனந்தபுரத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்து, தட்டு கழுவி, பிறகு மாஸ்டர் ஆகித் திரும்பியவர்தான். கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று மதராஸ் மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது, கேரள எல்லை களியக்காவிளைக்கு வந்தது. எங்கள் ஊர் மாஸ்டர்களின் கைப்பழக்கம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கத்து வழியிலேயே நின்றது. இன்றும் எங்கள் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றை மதுரைக் கடைகளோடு ஒப்பிட்டால் பொருந்தாது, நெய்யாற்றின்கரைக் கடைகளோடு பொருந்தும்.

போர்மா என்பது குனிந்து பார்த்தால் ஆள் படுக்குமளவு நீளமுள்ள, வளைந்த கூரையுடைய செங்கல் அறை. அதன் தளத்துக்கு அடியில் மணலும் உப்பும் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் பரப்பி, அதன்மேல் செங்கல் பாவியிருந்தார்கள். அவை வெப்பத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். விறகை அந்த அறைக்குள்ளேயே போட்டு எரிப்பார்கள். சில மணி நேரம் எரிந்து, கூரையில் படிந்த கரி தானே எரிந்து செங்கல் வெளுக்கும்போது, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, நீண்ட கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைப்பார்கள். அதன்பின் மாஸ்டர் ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசுவார். மாவு விழுந்தவுடன் கருகினால் சூடு அதிகம், கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் ரொட்டி அச்சுகளை மரத்துடுப்பில் ஏற்றி உள்ளே தள்ளலாம். வெப்பமானி என்று ஒன்றை அந்தப் பின்கட்டில் நான் கண்டதில்லை.

இனி நெருப்பு கிடையாது. செங்கலில் ஏறிய சூடு இறங்கிக்கொண்டே போகும். முதல் சூட்டில் ரொட்டியும் பன்னும், அது சற்றுத் தணிந்ததும் அடுக்கடுக்காகப் பொரியும் வர்க்கியும் பிஸ்கட்டும், இன்னும் தணிந்ததும் கேக்கும் வேகும். கேக்கை முதல் சூட்டில் வைத்தால் மேற்புறம் வெடித்து நடுவில் மாவாகவே நிற்கும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வழியில்லை. கடைசியில், கையை நுழைத்து எடுக்கக்கூடிய இளஞ்சூட்டில், முந்தைய நாள் விற்காத ரொட்டியைத் துண்டு போட்டு அடுக்கிக் கதவை மூடிவிட்டுப் போவார்கள். விடியும்போது அது ரஸ்க் ஆகியிருக்கும். விறகுச் செலவில்லாமலும் ரொட்டி வீணாகாமலும் கிடைத்த ரஸ்க்தான் அந்தக் கடையின் உண்மையான இலாபம் என்பது என் கணிப்பு; முதலாளி வீட்டார் இதை மறுக்கவில்லை.

விறகு பெரும்பாலும் ரப்பர் மரம். பால் வற்றிய மரங்களைச் சுமார் 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யும் தோட்டங்கள் குலசேகரம் பக்கம் நிறைய உண்டு. முந்திரி ஆலைகள் மிகுந்த எங்கள் மாவட்டத்தில் முந்திரித் தோடு மலிவு, நின்றும் எரியும். ஆனால் அதிலுள்ள எண்ணெய் தோலையே பொசுக்கக்கூடியது. உள்ளேயே விறகெரியும் போர்மாவில் அதன் புகை ரொட்டியில் ஏறும் என்று மாஸ்டர் அதை அண்ட விடமாட்டார்.

மாவு பொங்க வைத்தது கள். பனையிலும் தென்னையிலும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அக்கானி என்னும் பதநீர், தடவாமல் இறக்கினால் அது தானே புளித்துக் கள். அந்தப் புளிப்பில் இருப்பதும் ஈஸ்ட்தான். கூடவே இருக்கும் நுண்ணுயிர்கள் ரொட்டிக்கு இலேசான புளிப்பு மணத்தைத் தந்தன. அந்தியில் பிசைந்த மாவு இரவெல்லாம் மரத்தொட்டியில் கிடந்து பொங்கும். ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழையையும் வாங்கும் ஊர் என்பதால், மழைக்குளிரில் மாவு எழத் தாமதமாகும். அன்று ரொட்டியும் தாமதம்தான். மதராஸ் மாநிலத்தில் 1948 முதல் முழு மதுவிலக்கு இருந்ததால், இணைப்புக்குப் பிறகு கள்ளை நம்பி நாள்தோறும் தொழில் நடத்த இயலாமற்போனது. 1971இல் விலக்குத் தளர்ந்து சில ஆண்டுகளில் திரும்ப வந்தது, 1981இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987இல் மூடப்பட்டன. அதற்கெல்லாம் முன்பே எங்கள் கடை ஈஸ்டுக்கு மாறிவிட்டது. பழைய ரொட்டியின் மணத்தைப் பற்றி இன்றும் புலம்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏங்குவது ரொட்டிக்காகவா கள்ளுக்காகவா என்று கேட்கும் துணிவு எனக்கில்லை.

இணைப்பு நடந்த அதே 1956இல்தான் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்படி அந்நாட்டுக் கோதுமை பெற இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. கோதுமை காணாத எங்கள் ஊர்களிலும் மைதா தட்டுப்பாடில்லாமல் கிடைக்கத் தொடங்கியதும், ரொட்டி மெல்ல மெல்லச் சாயாக்கடைப் பண்டமாக மாறியது. மத்திய அரசு 1965இல் தொடங்கிய மாடர்ன் பேக்கரிஸின் ரொட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, ஒரே அளவாக வெட்டி வந்தது. அதனோடு போட்டி போட எங்கள் கடையால் இயலவில்லை. பன்னும் வர்க்கியும் கேக்கும் காப்பாற்றின.

அதிலும் கேக்கின் காலம் டிசம்பர். கோட்டாறு சவேரியார் திருவிழா 3ஆம் தேதி முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடும். அந்நாளில் வீட்டுக்காரர்கள் முட்டை, சீனி, நெய், முந்திரி என்று எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவந்து, சுட்டுத் தருவதற்கு மட்டும் கூலி கொடுப்பார்கள். கேக் மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் குடும்பப் பெயர் எழுதிய காகிதத்தை மாவால் ஒட்டுவார்கள். சூட்டில் காகிதம் பழுத்துப் பாதிப் பெயர்தான் மிஞ்சும். ‘மாஸ்டரே, அடி கரியாம பாத்துக்கிடும்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நிற்கும் பெண்களால் பின்கட்டில் நடக்கவும் இடமிருக்காது. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு வேறு வியாபாரம்: பன்னும் ஏத்தங்காய்ச் சிப்ஸும் மூட்டை மூட்டையாகப் போகும்.

மூன்றாம் தலைமுறை போர்மாவை இடித்துவிட்டு மின்சார ஓவன் வைத்தது. புகையைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்குப் புகார் இருந்தது, விடியலுக்கு முன்பே விறகு எரிக்க ஆள் கிடைக்கவில்லை. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ரொட்டி மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட் 2016இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு வந்த ஜி.எஸ்.டி.யில் ரொட்டிக்கு வரியில்லை, ரஸ்கிற்கு 5 சதவீதம், கேக்கிற்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். ஒரே அடுப்பில் அடுத்தடுத்து வெந்தவற்றுக்கு 2025 வரை மூன்று கணக்கு.

புதிய ஓவனில் எந்த நேரத்திலும் எந்தச் சூட்டையும் வைக்கலாம். அதனால் கேக் காலையிலேயே வருகிறது, பப்ஸ் மாலையில் சுடச்சுடக் கிடைக்கிறது. ரஸ்க் மட்டும் நின்றுவிட்டது. இரவு முழுவதும் இளஞ்சூட்டில் ஓவனை ஓட்டினால் மின்கட்டணமே ரஸ்க் விலையைத் தாண்டிவிடும் என்று பேரன் கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போது கடையில் இருக்கும் ரஸ்க், பெரிய ஆலையில் செய்து பாக்கெட்டில் வருவது. மிஞ்சும் ரொட்டியை மாட்டுத்தீவனத்துக்கு எடுத்துப் போகிறார்கள்.